நம் கடல் இறாலை அமெரிக்கா ஏன் வாங்குவதில்லை? ஓர் ஆமையும் ஒரு வர்த்தக வழக்கும்

இந்தியாவிலிருந்து வெளிநாடு போகும் கடல் உணவில் ராஜா யார் என்று கேட்டால், சந்தேகமே வேண்டாம், இறால்தான். 2023-24ல் நாம் ஏற்றுமதி செய்த உறைந்த இறால் சுமார் 7.16 லட்சம் டன். மதிப்பு 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். இதில் கிட்டத்தட்ட 3 லட்சம் டன் போனது அமெரிக்காவுக்கு.

ஆனால் அந்த 3 லட்சம் டன்னும் கிட்டத்தட்ட முழுக்கப் பண்ணைக் குளங்களில் வளர்ந்த வனாமி இறால். காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ விசைப்படகில் போய், கடலில் இழுவலை போட்டுப் பிடிக்கும் இறாலுக்கு அமெரிக்காவில் அனுமதி இல்லை. 2019ல் இருந்து இதுதான் நிலைமை.

காரணம் தரமோ விலையோ கிடையாது. கடலாமை.

'அவர்கள் நாட்டுச் சந்தை, அவர்கள் இஷ்டம்' என்று விட்டுவிடலாம் போலத் தோன்றும். ஆனால் உலக வர்த்தக விதிகளின்படி ஒரு நாடு இஷ்டத்துக்கு இறக்குமதியைத் தடை செய்ய முடியாது. அப்படியிருந்தும் இந்தத் தடை நிற்கிறது. எப்படி என்று புரிந்துகொண்டால், 'வர்த்தக ஒப்பந்தம் வந்தால் சுற்றுச்சூழல் என்ன ஆகும்?' என்ற பெரிய கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

*இறால் வலையில் ஆமை எப்படி?*

இழுவலை என்பது கடலடியை ஒட்டி, படகின் பின்னால் மணிக்கணக்கில் இழுபட்டு வரும் பெரிய கூம்பு வடிவ வலை. இறாலுக்காகப் போட்டாலும் வழியில் இருக்கும் எல்லாமே அதற்குள் போகும். ஆமைக்கு இருப்பது நுரையீரல், மீனைப் போலச் செவுள் கிடையாது. மூச்சுவிட அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். வலைக்குள் மாட்டிக்கொண்டால் வர முடியாது. அதாவது, கடலிலேயே வாழும் உயிரினம் கடலிலேயே மூழ்கிச் சாகிறது.

இதற்குத் தீர்வு ஒன்றும் ராக்கெட் அறிவியல் இல்லை. வலையின் கழுத்துப் பகுதியில் சாய்வாக ஒரு கம்பித் தடுப்பு. கம்பிகளுக்கு இடையே சுமார் 10 சென்டிமீட்டர் இடைவெளி. இறால் அதன் வழியாகப் பின்னால் உள்ள பைக்குள் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, பக்கத்தில் இருக்கும் திறப்பு வழியாக வெளியே வந்துவிடும். ஆங்கிலச் சுருக்கத்தில் இதன் பெயர் 'டெட்'. தமிழில் ஆமை விலக்குக் கருவி. சரியாகப் பொருத்தினால் வலைக்குள் வரும் ஆமைகளில் 97% தப்பிவிடும் என்கிறது அமெரிக்க மீன்வளத் துறை.

1987ல் அமெரிக்கா தன் சொந்த மீனவர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அவர்களும் சும்மா இருக்கவில்லை. 1989ல் டெக்சாஸ், லூசியானா பக்கத்து இறால் படகுக்காரர்கள் துறைமுக வாயில்களையே படகுகளால் அடைத்துப் போராடினார்கள். 'எங்களுக்கு மட்டும் இந்தச் செலவு, வெளிநாட்டுக்காரன் சும்மா பிடித்துவந்து மலிவாக விற்பானா?' என்பது அவர்கள் கேள்வி. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் 609 என்ற பிரிவைச் சட்டத்தில் சேர்த்தது: ஆமைக்கு ஆபத்தான முறையில் பிடித்த இறாலை, எந்த நாட்டில் இருந்தும் இறக்குமதி செய்யக் கூடாது. ஆமையைக் காப்பாற்றும் அந்தச் சட்டத்தில் உள்ளூர் வியாபாரத்தைக் காப்பாற்றும் அக்கறையும் ஒட்டிக்கொண்டே வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த மாதிரி வழக்குகளில் தலைவலியே.

*நான்கு நாடுகள், ஒரே புகார்*

முதலில் அந்தச் சட்டத்தை மேற்கு அட்லாண்டிக், கரீபியன் பகுதி நாடுகளுக்கு மட்டும் அமல்படுத்தினார்கள். அந்த நாடுகளுக்கு 3 ஆண்டு அவகாசம், தொழில்நுட்ப உதவி எல்லாம் கிடைத்தது. 1995 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, 'சட்டத்தில் உலகம் முழுக்க என்றுதானே இருக்கிறது, எல்லோருக்கும் அமல்படுத்து' என்று உத்தரவிட்டது. கெடு 1996 மே 1. ஆசிய நாடுகளுக்குக் கிடைத்தது வெறும் நான்கு மாதம்.

அந்த அக்டோபரில் இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கும் உலக வர்த்தக அமைப்பிடம் போயின. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பக்கம் நின்ற அபூர்வ வழக்குகளில் இதுவும் ஒன்று.

இந்தியா சொன்னதில் நியாயம் இருந்தது. கடலாமைகள் நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. புலிக்கு இருக்கும் அதே சட்டப் பாதுகாப்பு. 'எங்கள் கடலில் எந்த வலை போட வேண்டும் என்று வாஷிங்டன் முடிவு செய்யுமா?' என்பதுதான் கேள்வியின் சாரம்.

அன்றைய சூழலில் இந்தியா ஜெயிக்கும் என்றே பலரும் நினைத்தார்கள். காரணம், 1991ல் வந்த ஒரு முடிவு. சூரை மீன் பிடிக்கும்போது டால்பின்கள் சாகின்றன என்று மெக்சிகோவின் சூரையை அமெரிக்கா தடுத்தபோது, அன்றைய 'காட்' அமைப்பின் நடுவர் குழு அமெரிக்காவுக்கு எதிராகச் சொன்னது. லாஜிக் இதுதான்: தட்டில் இருக்கும் மீன் மீன்தான். அது எப்படிப் பிடிபட்டது என்பதை வைத்து வேறுபாடு காட்டக் கூடாது. அந்த முடிவு முறைப்படி ஏற்கப்படவே இல்லை. ஆனாலும் 'வர்த்தகம் வந்தால் இயற்கை காலி' என்ற பயம் உலகம் முழுக்கப் பரவ அது ஒரு முக்கியக் காரணம்.

*தீர்ப்பு: ஜெயித்தது யார்?*

வர்த்தக விதிகளின் அடிப்படை எளிமையானது. இறக்குமதிக்குத் தடை போடாதே, ஒரு நாட்டுக்கு ஒரு நீதி இன்னொரு நாட்டுக்கு ஒரு நீதி என்று நடத்தாதே. ஆனால் 1947ல் எழுதிய காட் ஒப்பந்தத்திலேயே 20ஆம் பிரிவு என்று ஒரு விதிவிலக்கு உண்டு. மனித, விலங்கு, தாவர உயிரைக் காக்கவோ, 'தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளங்களை'ப் பாதுகாக்கவோ ஒரு நாடு விதியை மீறலாம்.

தீர்ந்துபோகக்கூடிய வளம் என்றால் நிலக்கரி, பெட்ரோல் மாதிரி தாதுக்கள்தானே, ஆமை குட்டி போட்டுப் பெருகுமே என்று புகார் செய்த நாடுகள் தரப்பில் வாதாடினார்கள். (ஆமை முட்டை இடும் என்பது வேறு விஷயம்.) மேல்முறையீட்டு அமைப்பு 1998 அக்டோபர் 12ல் தந்த தீர்ப்பில் இதை ஏற்கவில்லை. 1947ல் எழுதிய சொல்லுக்கு 1947ன் அர்த்தத்தையே பிடித்துக்கொண்டு தொங்க முடியாது, உயிரினங்களும் அழிந்துபோகலாம், ஆமைகள் அந்தப் பட்டியலில் வரும் என்று சொன்னது. உலகில் உள்ள 7 கடலாமை இனங்களும் அழியும் ஆபத்தில் உள்ளவை என்று சர்வதேச ஒப்பந்தமே சொல்கிறது. தவிர, ஆமைக்கு பாஸ்போர்ட் கிடையாது. பல கடல்களைத் தாண்டிப் போகும் உயிரினம் என்பதால் அமெரிக்காவுக்கும் அதில் அக்கறை இருக்கலாம் என்றது.

அப்போ அமெரிக்கா ஜெயித்ததா? இல்லை, தோற்றது.

அதே 20ஆம் பிரிவின் தொடக்கத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. விதிவிலக்கைப் பயன்படுத்தலாம், ஆனால் அது நாடுகளுக்கு இடையே நியாயமற்ற பாகுபாடாகவோ, மாறுவேடத்தில் வந்த வர்த்தகத் தடையாகவோ இருக்கக் கூடாது. அமெரிக்கா மாட்டியது இங்கேதான். கரீபிய நாடுகளோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டாயே, இந்த நான்கு நாடுகளோடு ஏன் பேசவில்லை? அவர்களுக்கு 3 ஆண்டு, இவர்களுக்கு 4 மாதமா? உன்னுடைய அதே கருவியை அப்படியே வைக்க வேண்டும் என்று ஏன் பிடிவாதம்? அங்கே வேறு வழியில் ஆமை காப்பாற்றப்பட்டால் போதாதா?

எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இவ்வளவு நாகரிகமாக ஒரு கோட்டை யாரும் போட்டதில்லை. சுற்றுச்சூழலுக்காகச் சந்தையை மூடலாம், ஆனால் அதற்கு முன் பேச வேண்டும், எல்லோரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும்.

ஆனால் அன்று தலைப்புச் செய்திகளில் மிஞ்சியது 'அமெரிக்கா தோற்றது, ஆமைச் சட்டம் காலி' என்பதுதான். 1999ல் சியாட்டிலில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடு நடந்தபோது, நூற்றுக்கணக்கானவர்கள் அட்டையில் செய்த ஆமை வேடம் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். உண்மையில் அந்தச் சமயத்தில் சட்டம் அப்படியேதான் இருந்தது. அமெரிக்கா மாற்றியது நடைமுறையை மட்டும். 'இதே கருவி' என்பதை 'இதற்கு இணையான பலன் தரும் ஏற்பாடு' என்று திருத்தியது, ஆசிய நாடுகளோடு பேச்சைத் தொடங்கியது. மலேசியா மட்டும் விடாமல் மீண்டும் போனது. 2001ல் வந்த தீர்ப்பு: இப்போது சரியாகத்தான் இருக்கிறது, தடை தொடரலாம்.

2019ல் இந்தியாவின் மீது விழுந்த தடைக்கு அடித்தளம் இதுதான். நாம் தொடுத்து, நாம் ஜெயித்த வழக்குதான் அந்தத் தடையை எப்படிப் போட வேண்டும் என்று சொல்லியும் கொடுத்தது.

*தடை போட்டாச்சு, ஆமை பிழைத்ததா?*

2025 ஜனவரியில் சென்னையில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். மெரினாவில் தொடங்கிக் கோவளம் தாண்டியும் நூற்றுக்கணக்கான ஆலிவ் ரிட்லி ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கி இருந்ததால் வலையில் சிக்கி மூச்சுத் திணறியிருக்கலாம் என்றார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்று கூப்பிடுவது இதைத்தான். முட்டையிடக் கரைக்கு வரும் காலத்தை வைத்து வந்த பெயர்.

சட்டம் இல்லாமல் இல்லை. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. ஆமைகள் முட்டையிடக் காத்திருப்பதும் அந்தக் கரையோரப் பகுதியில்தான். ஆண்டுதோறும் வரும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல்தான் தொடங்குகிறது. அது மீன் இனப்பெருக்கத்தைக் கணக்கில் வைத்துப் போட்ட காலம். முட்டையிட வரும் ஆமைகளில் பெரும்பாலானவை அதற்குள் வந்து போயிருக்கும்.

சரி, அந்தக் கம்பித் தடுப்பை மாட்டிவிட்டால் என்ன? கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ற வடிவத்தை எப்போதோ உருவாக்கிவிட்டது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து முழுச் செலவையும் மானியமாகத் தரவும் திட்டம் உண்டு. ஆனாலும் படகுகளில் பார்ப்பது அபூர்வம்.

மீனவர்கள் தரப்பைக் கேட்காமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. மெக்சிகோ வளைகுடாவில் ஓடும் இறால் படகு இறாலை நம்பி மட்டும் ஓடுகிறது. நம் விசைப்படகுக்கு அப்படி இல்லை. ஒரே இழுப்பில் இறால், கணவாய், திருக்கை, பாறை எல்லாம் வந்தால்தான் டீசல் காசு தேறும். ஆமை தப்பிக்கும் அதே திறப்பு வழியாகப் பெரிய மீனும் தப்பிக்கும். இறாலில் நஷ்டம் கொஞ்சம்தான் என்று ஆய்வகம் சொல்லலாம், கலப்பு மீன்பிடியில் அந்தக் கணக்கு மாறும். இதில் அமெரிக்கத் தடையின் அழுத்தம் எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். ஏற்றுமதியில் பெரும்பங்கு பண்ணை இறால். பெரிய நிறுவனங்களுக்கு வியாபாரம் நிற்கவில்லை. கடல் இறாலுக்கு ஒரு பெரிய சந்தை இல்லாமல் போனதன் சுமை, ஏலத்தில் கிடைக்கும் விலையாகப் படகு உரிமையாளர் மீதும், அதில் பங்குக் கூலிக்குப் போகும் தொழிலாளி மீதும் இறங்குகிறது. அவர் கருவியைப் பொருத்தினாலும், பக்கத்துப் படகும் அதற்குப் பக்கத்துப் படகும் பொருத்தி, நாடு முழுக்கச் சான்றிதழ் கிடைத்தால்தான் சந்தை திறக்கும். தனி ஒருவருக்கு அதில் லாபமே இல்லை.

*பண்ணை இறால் மட்டும் பச்சையா?*

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி இது. 609ஆம் பிரிவு ஆமையை மட்டும் பார்க்கிறது. குளத்தில் ஆமை இல்லை, ஆக பண்ணை இறாலுக்கு அது பச்சைக்கொடி.

இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்ட அதே 1996ல், டெல்லி உச்ச நீதிமன்றத்தில் இன்னோர் இறால் வழக்கு முடிவுக்கு வந்தது. தொடுத்தவர் சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன். நாகை, தஞ்சைக் கடலோரத்தில் நெல் வயல்கள் உப்புநீர்க் குளங்களாக மாறுவதையும், குடிநீர் உவர்ப்பாவதையும் எதிர்த்து அவரும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் ஊர் மக்களோடு போராடிக்கொண்டிருந்தார்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள், இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பர் 11ல் தீர்ப்பு வந்தது. பின்னால் 2005ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பண்ணைகள் பதிவு, உரிமம் என்ற ஏற்பாட்டுக்குள் வந்தன. அந்தத் தீர்ப்பின் வீச்சும் அதோடு குறைந்தது.

ஆக, ஒரே இறால். கடலில் பிடித்தால் ஆமைக்கு ஆபத்து என்று வெளிநாட்டுச் சட்டம் நிறுத்துகிறது. குளத்தில் வளர்த்தால் நிலத்துக்கும் நிலத்தடி நீருக்கும் என்ன ஆகிறது என்பது அந்தச் சட்டத்தின் கண்ணிலேயே படாது. இறக்குமதி செய்யும் நாட்டின் அக்கறை, அந்த நாட்டு மக்கள் எதற்காகக் குரல் கொடுக்கிறார்களோ அதோடு நின்றுவிடும். ஆமைக்குக் கலிஃபோர்னியாவில் ரசிகர்கள் உண்டு, நாகப்பட்டினத்துக் கிணற்றுக்குக் கிடையாது. அந்தக் கிணற்றைப் பார்க்க வேண்டியது நம் சட்டமும் நம் நீதிமன்றமும்தான்.

*அடுத்து இரும்பு, சிமென்ட்*

ஆமை வழக்கில் கேட்ட அதே கேள்வி இப்போது கார்பனுக்கு வந்திருக்கிறது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவை உற்பத்தியாகும்போது எவ்வளவு கார்பன் வெளியானதோ, அதற்கேற்ற கட்டணத்தை ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியாளரிடம் வசூலிக்கும். 2023 அக்டோபரில் கணக்குக் கேட்பதோடு தொடங்கிய இந்த 'சிபேம்' திட்டம், 2026 ஜனவரி 1 முதல் முழு அமலுக்கு வந்தது. இந்தியாவின் பதில் 1996ல் சொன்னதன் தொடர்ச்சிதான்: காற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு உங்களுடையது, விதியை மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகப் போடுகிறீர்களே?

இதற்கிடையே நாமே கையெழுத்திடும் புதிய ஒப்பந்தங்களிலும் சுற்றுச்சூழல் ஏறிவிட்டது. சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளின் இஎஃப்டிஏ கூட்டமைப்போடு 2024 மார்ச்சில் போட்ட ஒப்பந்தத்தில் நீடித்த வளர்ச்சிக்குத் தனி அத்தியாயம் உண்டு. 2025 ஜூலையில் பிரிட்டனோடு போட்டதில் சுற்றுச்சூழலுக்கே தனி அத்தியாயம். ஆனால் வரி விஷயத்தில் வாக்கு மீறினால் வழக்குக்குப் போகலாம் என்ற கதவு, இந்த அத்தியாயங்களுக்குத் திறக்கப்படவில்லை. பேசித் தீர்த்துக்கொள்வோம் என்ற அளவில் நிற்கிறது. பல் இல்லாத அத்தியாயம் என்று ஒரு தரப்பு குறை சொல்லும். பல் இருந்தால் அது முதலில் கடிப்பது நம் சிறு உற்பத்தியாளரைத்தான் என்று இன்னொரு தரப்பு சொல்லும். ஆமை வழக்கைப் படித்த பிறகு எனக்கு இரண்டாவது பயமே கொஞ்சம் கூடுதலாக நியாயமாகப் படுகிறது. ஆனால் அதையே சாக்காக வைத்து 5 கடல் மைல் விதியைக்கூட அமல்படுத்தாமல் இருந்தால், அந்த நியாயம் எவ்வளவு நாள் எடுபடும்?

*நடுவர் இல்லாத மைதானம்*

இன்று இன்னோர் ஆமை வழக்கு வந்தால் என்ன ஆகும்? 1998ல் அந்தத் தீர்ப்பைத் தந்த மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பரில் இருந்து செயல்படவே இல்லை. புதிய உறுப்பினர்கள் நியமனத்தை அமெரிக்கா தடுத்துவிட்டதால், வழக்கை விசாரிக்க ஆளே இல்லாமல் போய்விட்டது. கீழ்நிலை நடுவர் குழுவில் தோற்ற நாடு மேல்முறையீடு என்று ஒரு மனு போட்டால் போதும், வழக்கு அப்படியே கிடக்கும். ஆமைத் தடை இந்தியா மீது விழுந்ததும் அதே 2019ல்தான்.

ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டியது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50% வரி போட்டபோது பண்ணை இறாலும் அடி வாங்கியது. அதற்குக் காரணமாக எந்த ஆமையும் சொல்லப்படவில்லை. பேச்சுவார்த்தை, ஒரே மாதிரி நடத்துவது என்று 1998ல் போட்ட கோட்டுக்கு அங்கே வேலையே இல்லை. கம்பித் தடுப்பு வைத்தால் ஆமைத் தடை நீங்கும். அந்த வரி எதை வைத்தால் நீங்கும் என்று எந்த மீனவரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

கடல் இறாலுக்கான கதவு மட்டும் இன்னும் பழைய விதிப்படியே இயங்குகிறது. எந்தெந்த நாடுகள் தகுதி பெற்றன என்ற பட்டியலை அமெரிக்க வெளியுறவுத் துறை ஒவ்வோர் ஆண்டும் மே 1க்குள் தன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பும். அதற்கு முன் அவர்கள் அதிகாரிகள் வந்து துறைமுகத்தில் படகுகளில் ஏறி, வலையில் அந்தக் கம்பித் தடுப்பு இருக்கிறதா, இடைவெளி சரியா, திறப்பு தைத்து மூடப்பட்டிருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பார்ப்பார்கள்.